அடி வாங்கினாத்தான் ஆளாவானா?

விடிகாலை ஐந்து மணி. திருச்சி புத்தூர் நால்ரோட்டில் டீக்கடை பாய்லர் சூடாவதற்குள் வயலூர் ரோட்டில் பையன்கள் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆறுகண் பாலம் பக்கம் போய்த் திரும்பும் ஓட்டம். ஒருவன் செல்போனில் நேரம் பார்க்க, மற்றவர்கள் மூச்சிரைக்க வந்து நிற்கிறார்கள். கணக்கு 1.6 கிலோமீட்டர். ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டம்தான் பெரிய வடிகட்டி. அதைத் தாண்டினால் பீமில் தொங்கி உடம்பைத் தூக்க வேண்டும், 9 அடிப் பள்ளத்தைத் தாவ வேண்டும். ராணுவத்தின் ஆள்சேர்ப்பு அலுவலகம் திருச்சியிலேயே இருப்பதால் ‘பட்டாளத்துக்குப் போறது’ என்பது இந்தப் பக்கத்துப் பையன்களுக்குக் கைக்கெட்டும் தூரத்துக் கனவு.

வீட்டில் அம்மா முதல்நாள் இரவே கொண்டைக்கடலை ஊறப்போடுகிறார். அப்பா பெருமையை மறைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்கிறார். “அங்க போயி நாலு அடி வாங்கினாத்தான் இவன் ஆளாவான்.”

தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தைச் சொல்லாத குடும்பம் குறைவு. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த நாலு அடியை யார் அடிப்பது, எதற்கு அடிப்பது, எங்கே நிறுத்துவது என்று யாரும் கேட்பதில்லை.

இதே தெருக்களில் இன்னொரு வகைக் குடும்பங்களும் உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறிப் போய், அங்கேயே நிரந்தரவாசம் வாங்கியவர்கள். அப்படிப் போன அப்பாவுக்குக் கட்டாய ராணுவ சேவை கிடையாது. மகனுக்கு உண்டு. பதினெட்டு வயதானதும் இரண்டு வருடம் ‘தேசிய சேவை’. ராணுவம், போலீஸ், தீயணைப்பை உள்ளடக்கிய குடிமைத் தற்காப்புப் படை என மூன்றில் ஒன்றுக்குப் போயாக வேண்டும். தாத்தா பாட்டியின் வாட்ஸ்அப்புக்கு ஒருநாள் பேரனின் மொட்டைத்தலை போட்டோ வரும். பாட்டி பதறுவார், தாத்தா சிரிப்பார். அதே வாக்கியம் அங்கேயும் சொல்லப்படும்.

துவாஸ் கிணறு

கோக் யுவென் சின் அப்படி ஒரு நிரந்தரவாசி இளைஞர். மலேசியாக்காரர், வயது 22. சிங்கப்பூரின் மேற்கு மூலையில் இருக்கும் துவாஸ் வியூ தீயணைப்பு நிலையத்தில் தேசிய சேவை செய்துகொண்டிருந்தார். சேவை முடிய சில நாட்களே பாக்கி.

2018 மே 13 இரவு. விடைபெறப் போகும் தம்பிக்கு நிலையத்தில் கூடியிருந்தவர்கள் வாழ்த்துச் சொல்லி நினைவுப் பரிசு கொடுத்தார்கள். பிறகு ‘வழக்கமான’ சடங்கு ஒன்று. நிலைய வளாகத்தில் 12 மீட்டர் ஆழத்தில் ஒரு கிணறு. தீயணைப்பு வண்டியின் பம்புகளைச் சோதிக்க வெட்டியது. சேவை முடிக்கிறவரை அதில் இறக்கிக் குளிப்பாட்டுவது அங்கே பழகிப்போயிருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘கோலாம்’. மலாய் மொழியில் நீர்நிலை என்று பொருள். நம் ‘குளம்’தான் கடல் தாண்டிப் போய் அப்படி ஆனது.

கோக் தயங்கினார். ஒருவர் தள்ளிவிட்டார். உள்ளே போனவர் மேலே வரவில்லை. சுற்றி நின்றவர்கள் யார்? உயிர் காப்பதையே தொழிலாகக் கொண்ட தீயணைப்பு வீரர்கள். பதறிப்போய்க் குதித்தார்கள், தேடினார்கள். கிணற்று நீரை இறைத்து அவரை வெளியே எடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிழைக்கவில்லை. தள்ளிய காட்சியைச் செல்போனில் பிடித்திருந்த வீடியோ பிறகு அழிக்கப்பட்டது.

அந்தப் படையில் ராகிங் கூடாது என்ற விதி அதற்கு முன்பே இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். விதி காகிதத்தில் இருந்தது, கிணறு முற்றத்தில் இருந்தது.

குடிமைத் தற்காப்புப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. அப்போது அமைச்சர், தமிழரான கா.சண்முகம். விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. ஐந்து பேர் மீது வழக்கு. தள்ளியவருக்கு ஓராண்டுக்கு மேல் சிறை. அதோடு முடியவில்லை. அந்தப் பணிமுறைக்குப் பொறுப்பாக இருந்த தளபதியும் அவருக்கு அடுத்தவரும் கையால் எதுவும் செய்யவில்லை, ஆனால் நடக்கப்போவது தெரிந்தும் தடுக்கவில்லை. அவர்களுக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. ‘நான் தள்ளவில்லையே’ என்பது பதிலாக ஏற்கப்படவில்லை.

இன்னொன்று. தள்ளியவர்களுக்கு கோக் மேல் பகை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கேக் வெட்டுகிற மனநிலையில்தான் இருந்தார்கள். ராகிங் என்றாலே சினிமா வில்லன் மாதிரி ஒரு முரட்டு சீனியரை நாம் நினைத்துக்கொள்கிறோம். பாதிப் பேர் சிரித்துக்கொண்டேதான் செய்கிறார்கள்.

அதே மே மாதம்

கோக் இறந்து ஆறு நாள் கழித்து, 2018 மே 19. பக்கத்து நாடான மலேசியாவின் லுமுட் கடற்படைத் தளத்தில் ஒரு தமிழ் இளைஞர் இறந்தார். பெயர் ஜே.சூசைமாணிக்கம். அதிகாரியாவதற்கான பயிற்சியில் சேர்ந்த சில நாட்களிலேயே மரணம்.

குடும்பம் விடவில்லை. வருஷக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறியது. 2025 ஜூலையில், இது ஆட்கொலை, அதிகாரத்தில் இருந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று ஈப்போ உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகன் எப்படிச் செத்தான் என்பதற்கு ஒரு நீதிமன்றத்தின் வாயிலிருந்து பதில் வர ஏழு வருடம் பிடித்திருக்கிறது.

இதற்கு ஒரு வருடம் முன்பு மலேசியாவின் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழக விடுதியில் சுல்ஃபர்ஹான் என்ற 21 வயது கடற்படைப் பயிற்சி மாணவர், லேப்டாப்பைத் திருடினார் என்ற சந்தேகத்தில் சக மாணவர்களால் நீராவி இஸ்திரிப் பெட்டியால் சூடு வைக்கப்பட்டு, 2017 ஜூன் 1-ஆம் தேதி இறந்தார். அங்கே அடித்தது பயிற்சியாளர்கள்கூட இல்லை. கூடப் படித்தவர்கள்.

பயிற்சி எது, வதை எது?

பட்டாளப் பயிற்சி கடினமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். பனிமலையில் முதுகில் மூட்டையோடு நிற்க வேண்டியவனைப் பஞ்சு மெத்தையில் வைத்துத் தயார் செய்ய முடியாது. ஊட்டி பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி முடித்த பெரியவர்கள் அந்த நாட்களைச் சிரிப்போடுதான் சொல்வார்கள். இந்தியப் பயிற்சி மையங்களில் தண்டனைப் பயிற்சிக்கு ‘ரக்டா’ என்று பெயர். ஹிந்தியில் தேய்ப்பது, உரசுவது என்ற பொருளில் வந்த சொல். தாமதமாக வந்தால் தண்டால், பூட்ஸ் மின்னாவிட்டால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம், சில சமயம் தரையில் உருளல். சிங்கப்பூரில் இதற்கு ‘தெக்கான்’ என்பார்கள்.

இதில் பிசகு எங்கே தொடங்குகிறது? பகலில், மைதானத்தில், எல்லோர் கண்ணெதிரிலும், மருத்துவ உதவி பக்கத்தில் இருக்க, எத்தனை தண்டால் என்று எண்ணிக்கை வைத்து நடப்பது ஒன்று. இரவு விளக்கணைத்த பிறகு பாரக்ஸுக்குள்ளேயோ கழிவறைப் பக்கமோ, ‘எங்களுக்கும் இப்படித்தான் செஞ்சாங்க’ என்ற காரணத்தோடு, எண்ணிக்கை இல்லாமல் நடப்பது வேறு. இரண்டாவதில் உடம்பு வலுவாவதில்லை. அடுத்த நாள் பயிற்சிக்குத் தேவையான தூக்கம்தான் போகிறது.

அமெரிக்காவில் பாரிஸ் தீவில் மரைன் படைக்கான பயிற்சி மையம் இருக்கிறது. 1956 ஏப்ரல் 8 இரவு, ஒழுங்கு கற்பிக்கிறேன் என்று ஒரு பயிற்சியாளர் தன் அணியை ‘ரிப்பன் கிரீக்’ என்ற சதுப்பு நீரோடைக்குள் நடத்திப் போனார். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். இரவு, அட்டவணையில் இல்லாத பயிற்சி, தனி ஒருவரின் முடிவு. இடமும் காலமும் மாறினாலும் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன.

டாக்டர்கள் சொல்லும் எல்லை ஒன்றும் உண்டு. உடம்பு பழகாதவனை ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போட வைத்தால் தசைநார்கள் உடைந்து ரத்தத்தில் கலக்கும். ‘ராப்டோமயோலிசிஸ்’ என்பார்கள். தொடை கல் மாதிரி வீங்கும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும், கவனிக்காவிட்டால் சிறுநீரகம் நின்றுவிடும். வெயிலில் ஓடும்போது உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பப் பக்கவாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். ‘நடிக்கிறான்’ என்று இன்னொரு ரவுண்டு ஓடவிட்டால் உயிருக்கே ஆபத்து. முதலில் குளிர்ந்த நீரால் உடம்பை ஆற்ற வேண்டும், ஆஸ்பத்திரிக்குத் தூக்குவது அதோடு சேர்ந்துதான். முகாமுக்காகத் திருச்சி வெயிலில் தாங்களாகவே ஓடும் பையன்களுக்கும் இது பொருந்தும்.

சட்டம் சும்மா இல்லை

புத்தூரைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் ‘ராகிங் தண்டனைக்குரிய குற்றம்’ என்ற பலகையைப் பார்க்காமல் ஒரு மாணவர் உள்ளே போக முடியாது. அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 1996 நவம்பர் 6. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி முதலாமாண்டு மாணவர் பொன்.நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். நாவரசுவின் தந்தை பொன்னுசாமி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். துணைவேந்தர் பிள்ளைக்கே இந்த கதியா என்று தமிழ்நாடு அதிர்ந்தது. 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். நாவரசு வழக்கோ உயர் நீதிமன்றத்தில் விடுதலை, உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் ஆயுள் தண்டனை என்று 2011 வரை இழுத்தது.

அந்தச் சட்டம் கல்வி நிலையங்களுக்கானது. ராணுவப் பயிற்சி மைய வாசலில் அது நின்றுவிடும். அதனால் உள்ளே சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 47-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. அதிகாரியோ, ஜே.சி.ஓ-வோ, ஹவில்தார், நாயக் போன்றவர்களோ, தனக்குக் கீழே உள்ளவரை அடித்தாலோ வேறு விதமாகக் கொடுமைப்படுத்தினாலோ ராணுவ நீதிமன்றம் ஏழு வருடம் வரை சிறையில் போடலாம். கல்லூரி ராகிங்குக்கு இரண்டு வருடம் என்றால் பட்டாளத்தில் ஏழு. ‘அங்கெல்லாம் அடிக்கத்தான் செய்வாங்க, சட்டமே அப்படி’ என்று டீக்கடையில் சொல்பவருக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்க நியாயமில்லை. சேரப் போகிறவனுக்குத் தெரிய வேண்டும்.

புகார் எப்படி? அதே சட்டத்தின் 26-வது பிரிவு வழி சொல்கிறது. தனக்கு அநீதி நடந்ததாக நினைக்கும் சிப்பாய், தன் கம்பெனியின் தலைமை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். புகாரே அந்த அதிகாரி மேல்தான் என்றால், அவருக்கு மேலே இருப்பவரிடம் போகலாம். புகாரை வாங்கியவர் முடிந்தவரை முழுமையாக விசாரித்தே ஆக வேண்டும். ஒரு எச்சரிக்கை: பொய் என்று தெரிந்தே ஒருவர் மேல் குற்றம் சுமத்தினால் 56-வது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

ஏன் வாய் திறப்பதில்லை?

காகிதத்தில் எல்லாம் சரி. பதினேழரை வயதில் வீட்டை விட்டுப் போன பையன், மொழி புரியாத ஊரில், தன் விடுமுறையைக் கையில் வைத்திருப்பவர் மேலேயே புகார் எழுதுவானா? இப்போது அக்னிவீர் முறையில் இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது. நான்கு வருடம் முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுக்கப்படுவார்கள். ‘வம்பு பிடித்தவன்’ என்று பெயர் வாங்கிக்கொண்டு அந்த நான்கில் ஒருவனாக வர முடியுமா என்ற கணக்கு ஓடத்தான் செய்யும்.

சீருடைக்குள் எழும் குறையைக் கலகமாகப் பார்ப்பது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். 1946 பிப்ரவரியில் பம்பாய் ‘தல்வார்’ கடற்படைப் பள்ளியில் இருந்த இந்திய இளைஞர்கள் கேட்டது என்ன? சாப்பிடக்கூடிய சோறு, கமாண்டர் கிங் என்ற அதிகாரியின் வாய்கூசும் வசையிலிருந்து விடுதலை. கேட்பாரில்லை. 18-ஆம் தேதி சாப்பாட்டை மறுத்து உட்கார்ந்தார்கள். சில நாட்களில் 78 கப்பல்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று பரவி, பேரரசையே உலுக்கிய எழுச்சியானது அது.

சுதந்திர இந்தியாவிலும் 2017 ஜனவரியில் ஒரு சின்ன அதிர்ச்சி வந்தது. அதிகாரிகளுக்கு உதவியாளாக இருக்கும் ‘சகாயக்’ சிப்பாய்களை பூட்ஸ் துடைக்கவும் நாயை நடத்திப் போகவும் வைக்கிறார்கள் என்று ஒரு லான்ஸ் நாயக் வீடியோ போட்டார். எல்லைக் காவல் படை வீரர் ஒருவர் கருகிய ரொட்டியையும் தண்ணீர் பருப்பையும் காட்டிப் போட்ட வீடியோ அதற்குச் சில நாள் முன்பு வந்திருந்தது. அன்றைய தளபதி பிபின் ராவத், குறைகளை வீடியோவில் போடாதீர்கள், தலைமையகங்களில் புகார்ப் பெட்டி வைக்கிறோம், நேராக என்னிடம் வரும் என்று அறிவித்தார். சகாயக் முறையைக் கைவிடுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2008-லேயே சொல்லியிருந்தது. கடற்படையும் விமானப்படையும் அந்த முறை இல்லாமலே நடக்கின்றன.

வீட்டில் இருப்பவர்கள்

பயிற்சிக் காலத்தில் போன் எப்போதும் கையில் இருக்காது. வாரத்தில் கிடைக்கும் சில நிமிடத்தில் ‘சாப்டியா, உடம்பு எப்படி இருக்கு’ என்று நாம் கேட்க, ‘நல்லா இருக்கேன்மா’ என்று அவன் வைத்துவிடுவான். பக்கத்தில் யாராவது நிற்கும்போது வேறு பதில் வராது. ஆமா, இல்லை என்று மட்டும் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்டுப் பாருங்கள். ராத்திரி தூங்க விடுறாங்களா? காயம் எதுவும் இருக்கா? டாக்டர்கிட்ட காட்டினாங்களா? ஓடும் வலி ஒரு வாரத்தில் பழகிவிடும். அதைப் பற்றிப் பையன் அலுத்துக்கொண்டாவது பேசுவான். பேச்சு சுருங்கிக்கொண்டே போவது, ஒரே ஒரு ஆளின் பெயர் வரும்போது குரல் மாறுவது, இரவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவது, இவைதான் கவனிக்க வேண்டியவை.

‘ஆம்பளைப் புள்ள, தாங்கிக்கோ’ என்ற பதிலை மட்டும் அந்த நேரத்தில் சொல்லிவிடக் கூடாது. அடுத்த வாரம் அவன் சொல்லவே மாட்டான்.

மனசு தளர்ந்தால் பேச, அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416 இருக்கிறது. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்குமென்றே அதில் தனிப் பிரிவு ஒன்று 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. திருச்சியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பணியில் இருப்பவர்களின் குடும்பமும் அங்கே போய் வழி கேட்கலாம். புத்தூர் மாதிரி ஊரில் தெருவுக்கு ஒரு ரிட்டயர்டு சுபேதாரோ ஹவில்தாரோ இருப்பார். யாருக்கு எழுத வேண்டும், எந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு வக்கீலுக்குக்கூடத் தெரியாது. பணி தொடர்பான வழக்கு என்று வந்தால் படைவீரர்களுக்கான தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறது.

புகார் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. வீட்டில் ஒரு நோட்டு. மகன் போனில் சொன்ன தேதி, நேரம், இடம், யார் செய்தது, பக்கத்தில் யார் யார் நின்றார்கள், அடிபட்டது எங்கே, மருந்து போட்டார்களா என்று அன்றன்றைக்கு எழுதி வைப்பது. துவாஸில் வீடியோவை அழித்தார்கள். திருச்சியில் அம்மா எழுதி வைத்த நோட்டை அங்கிருந்து யாராலும் அழிக்க முடியாது.